சுவருக்கு இந்தப் பக்கத்து ஜெபம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஜன்னலக்கா என்று பேர். வைத்தது யாரென்று தெரியாது. நர்ஸ் பெண்களில் ஏதாவது ஒரு வாயாடியாகத்தான் இருக்கும். ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, துணியில் பொட்டலம் கட்டி, பெரிய நீராவிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. கிருமி வந்துவிடும் என்று வெளி ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதற்கு ஒரு தள்ளு கதவு. மணி அடித்தால் கதவைத் தள்ளிப் பொட்டலத்தை நீட்ட வேண்டும். வாங்க வருகிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் கையுறை மாட்டிய இரண்டு கைகள்தான். "அக்கா, உங்களுக்கு முகம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று ஒருத்தி ஒரு நாள் குனிந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். இவள் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளிச் சாத்திவிட்டாள்.

சாத்துவதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அதை ஒளிப்பானேன்? சிலருக்குக் கூட்டத்தைக் கண்டால் குஷி வரும். இவளுக்கு எப்போது வீடு போய்ச் சேருவோம் என்று இருக்கும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஒரு கல்யாணப் பேச்சு வந்து பேச்சோடு நின்றது. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் வயசு நாற்பதைத் தாண்டியது. அம்மா போன பிறகு, வேறொரு ஊரில் இருந்த தம்பி, "எங்ககூட வந்து இருந்துக்கோக்கா" என்று ஒப்புக்கு ஒரு தடவை கூப்பிட்டான். இவளும் ஒப்புக்கு ஒரு தடவை யோசித்துவிட்டு, "கர்த்தர் பார்த்துக்குவார்டா" என்று போனை வைத்தாள். அதற்கப்புறம் வீடு, பஸ், அடித்தளம், பஸ், வீடு. நடுவில் சபை, அதுவும் ஞாயிறும் வெள்ளியும் மட்டும். ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சு, கதவோரம். கடைசிப் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவாள், இல்லாவிட்டால் யாராவது வந்து நலம் விசாரிப்பார்கள்.

ஆனால் தனிமை வேண்டும் என்பது வேறு, தனிமை பழகிவிட்டது என்பது வேறு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அந்த ஒற்றை அறையும் சமையல் மூலையும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தால் அந்த நாளில் செய்ய வேறொன்றும் கிடையாது. பேச ஆள் இல்லாமல் தொண்டை துரு ஏறிவிடுமோ என்றுகூடச் சில நாள் தோன்றும். நல்ல வேளையாக ஜெபம் என்று ஒன்று இருந்தது. வாய்விட்டு ஜெபித்தால்தான் மனசு அலையாது என்று அம்மா பழக்கியிருந்தாள். எனவே தினமும் விளக்கு வைத்த நேரத்துக்குப் படுக்கைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து முழங்கால் போட்டு, கணீரென்று ஜெபிப்பாள். கூட்டத்தில் வாயே திறக்காத பெண்ணா இது என்று யாரும் அசந்துபோவார்கள். ஆண்டவரிடம் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில்தான் ஒரு ஆள் குடிவந்தார். இரண்டு வருஷம் இருக்கும். ஒண்டி ஆள், அறுபதை நெருங்கிய வயசு. வந்த அன்றைக்கே ஜன்னலக்கா கதவில் இருந்த கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துவிட்டாள். மனிதர் சுவரைத் தடவித் தடவித் தள்ளாடிக்கொண்டு நடந்தார். தோளில் ஒரு பை. பைக்குள் கண்ணாடி பாட்டில்கள் கலகலவென்று சத்தம் போட்டன. அடுத்த நாள் காலையில் அதே பையோடு கீழே இறங்கினார், அதுவும் எப்படி? முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக! எதிர்வீட்டுக்காரர் வணக்கம் சொன்னதற்குப் பதிலே இல்லை, தலையை ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் ஆனால் சுவர் வழியாக ஒரே உளறல். நாக்கு குழறி, சத்தம் ஏறி இறங்கி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி. நடுவில் எதையோ தொப்பென்று கீழே போடுகிற ஓசை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முழுநேரக் குடிகாரன் என்று ஜன்னலக்கா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

தீர்ப்பு எழுதியதோடு நிற்கவில்லை, இரக்கமும் பட்டாள். அதை நாம் மறுக்கக் கூடாது. அன்றையிலிருந்து அவளுடைய ஜெபத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓர் இடம் கிடைத்தது. "ஆண்டவரே, அந்தக் குடிகாரச் சகோதரனை விடுவியும். அந்தப் பாட்டில்களை அவன் கையிலிருந்து தட்டிவிடும்" என்று கண்ணீரோடு கேட்பாள். சில நாள் அந்தக் கண்ணீர் அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். போய்க் கதவைத் தட்டி ஒரு வார்த்தை பேசலாமே என்று ஒரு தடவை தோன்றாமல் இல்லை. தோன்றிய வேகத்தில், "நான் யாரு? கர்த்தர் பார்த்துக்குவார்" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். விசுவாசம் என்றுதான் அதற்கு அவள் பேர் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் சபையில் ஜெபக்கூட்டம் நடக்கும். வருவது பத்துப் பன்னிரண்டு பேர். வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஜெப விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, முழங்கால் வலி என்று மற்றவர்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஜன்னலக்காவிடம் என்ன இருந்தது? எத்தனையோ வெள்ளிக்கிழமை, "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று தலையைக் குனிந்துகொள்வாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. "எங்க பக்கத்து வீட்ல ஒரு சகோதரர். ரொம்பக் குடி. அவருக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று முதல்முறை சொன்னபோது எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அடுத்த வாரம் ஒரு அம்மாள் அவளைத் தேடி வந்து, "என்னம்மா, உங்க குடிகாரச் சகோதரர் எப்படி இருக்காரு?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவள் கையை ஒருவர் பிடித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது! அந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னாள். பாட்டிலைப் பற்றிச் சொன்னாள், பின்பக்கமாகப் படி இறங்கியதைச் சொன்னாள், எல்லோரும் அடப்பாவமே என்றார்கள். பொய் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னாள். அந்த ஆள் குடித்துக்கொண்டிருந்த வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குப் பேச ஒரு விஷயம் இருந்தது என்பதுதான் சங்கடமான உண்மை.

அந்த வட்டத்தில் மூப்பரும் உட்கார்ந்திருப்பார். சபைக்கு மூப்பர்; ஜன்னலக்கா குடியிருந்த கட்டடத்துக்குச் சொந்தக்காரரும் அவரேதான். நல்ல மனிதர், ஆனால் எதையும் உடனே சரிபண்ணியாக வேண்டும் என்று துடிக்கிற ரகம். ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும், அவள் நழுவுவதற்குள் வாசலில் வந்து மறித்துக்கொண்டார்.

"சிஸ்டர், உங்க ஜெபத்துக்குப் பதில் வந்தாச்சு," என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. "அந்த ஆளை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன். தனியா இருக்கிற பொம்பளை பக்கத்துல குடிகாரனை வெச்சிருந்தா எனக்குத்தானே பொறுப்பு?"

"ஐயா, நான் அதுக்காகச் சொல்லல..."

"நானும் உடனே நம்பலம்மா. நேர்ல பேசிப் பார்க்கலாம்னு போனேன். காலங்காத்தால நாக்கு குழறுது! ஒரு வார்த்தை உருப்படியா வரல. கண்ணுல தண்ணி வேற. பொண்ணு எங்கேயோ வெளியூர்ல இருக்காளாம். குடி கிடின்னு இழுக்காம, வீடு வேணும்னு மட்டும் போன்ல சொல்லிட்டேன், வந்து கூட்டிட்டுப் போகட்டும். நம்ம சபையிலயே புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு வீடு கேட்டுட்டு இருக்கு, அவங்களுக்கு வாக்கு கொடுத்துட்டேன்."

அன்றைக்கு பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். சாயங்கால ஜெபத்தில், "ஆண்டவரே, அந்தச் சகோதரனுக்கு ஒரு நல்ல இடத்தைக் காட்டும்" என்று புதிதாக ஒரு வரி சேர்த்தாள். மனசு சமாதானம் ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அன்று உளறலே இல்லை.

அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பொட்டலங்களைத் தூக்கிப் போகிற இரண்டு ஆட்களும் ஒரே நாளில் லீவு போட்டார்கள். மேலே இருந்து போன் மேல் போன். கடைசியில் மேலதிகாரி, "நீங்களே கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துருங்கம்மா" என்றார். ஜன்னலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவ்வளவு வருஷ வேலையில் அவள் நோயாளிகள் இருக்கும் மாடிக்குப் போனது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். தட்டைத் தூக்கிக்கொண்டு, வழியை நாலு பேரிடம் கேட்டு, ஒரு நீளமான தாழ்வாரத்தில் நடந்தபோது அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

அதே உளறல். அதே ஏற்ற இறக்கம். ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஓர் இறக்கம், ஒரு நிறுத்தம், மறுபடி முதலிலிருந்து. ராகம் போட்ட மாதிரி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் குடிகாரனா என்று திகைத்துத் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள். நாற்காலியில் ஒரு பெரியவர். அவர் எதிரே ஒரு பெண் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "ஞாயிறு, திங்கள், செவ்வாய்... எங்க, வாயைத் திறந்து சொல்லுங்கப்பா" என்று கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக்கொடுத்தாள். பெரியவர் வாய் கோணக் கோண, எச்சில் வழிய, கிழமைகளை இழுத்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் செத்துக் கிடந்தது.

"அவருக்கு என்னங்க?" என்று ஜன்னலக்கா அங்கே நின்ற நர்ஸிடம் கேட்டாள்.

"ஸ்ட்ரோக்தான்கா. பேச்சு போயிடுச்சு, திரும்பப் பழக்குறாங்க. தினமும் வீட்லயும் சத்தமாச் சொல்லிப் பார்க்கணும், அப்பதான் நாக்கு திரும்பும்." நர்ஸ் அவள் தட்டில் இருந்த பொட்டலங்களைப் பார்த்தாள். "அக்கா, நீங்க ஜன்னலக்கா இல்ல? என்னாச்சு, முகம் வெளுத்துப் போச்சு?"

இரண்டு வருஷமாக அவள் சுவர் வழியே கேட்டதும் இதுதான். ஆஸ்பத்திரியிலேயே குப்பை கொட்டியும் ஒரு நோயாளியின் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்திருக்கிறாள்! பொட்டலத்தைக் கொடுத்தாளா, யாரிடம் கொடுத்தாள் என்றுகூடப் பிறகு நினைவில்லை. தன் அடித்தளத்துக்கு இறங்கி வந்து, ஜன்னலைச் சாத்தி, ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முழங்கால் போட்டாள். ஆனால் வாய்விட்டு ஜெபிக்க வெட்கப்பட்டு முணுமுணுத்தாள். அன்றைக்கு ஆண்டவரிடம் அவள் போட்ட பேரம் கொஞ்சநஞ்சம் இல்லை. "நீர் சர்வவல்லவர். உமக்கு என் உதவி எதுக்கு? மூப்பர் கனவுல வந்து ஒரு வார்த்தை சொல்லிடுமே. அந்தப் பொண்ணு மனசுல பேசுமே. இல்லாட்டி அந்தப் புதுஜோடிக்கு வேற வீடு பிடிச்சுப் போகட்டுமே." ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஒன்று உறைத்தது: கேட்ட எல்லாவற்றிலும் ஆண்டவர் எங்கெங்கோ போக வேண்டியிருந்தது, அவள் மட்டும் இந்தப் பாயைவிட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. இவ்வளவு நாள் ஆண்டவரை நம்பினாளா, ஆண்டவர் பின்னால் ஒளிந்துகொண்டாளா? கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எழுந்தாள். செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்து பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

திறக்க வெகுநேரம் ஆனது. அந்த நேரத்துக்குள் ஓடிப்போய்விடலாமா என்று எத்தனை தடவை திரும்பினாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

கதவு திறந்தது. சவரம் செய்த முகம், பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிய சட்டை. வாயின் ஒரு ஓரம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே பாதி மூட்டை கட்டிய சாமான்கள். சமையல் மேடைமேல் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றிலும் பச்சைத் தண்ணீர்.

"நான் பக்கத்து வீடு," என்றாள்.

அவர் தலையாட்டினார். நாற்காலியைக் காலால் தள்ளி அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு பேசினார். அவர் பேசியதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு சொல்லும் அவர் வாயிலிருந்து வெளியே வரப் பட்ட பாட்டை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். சில சொற்களை அவள் இரண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

அவர் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது வலது கை விழுந்தது, பேச்சு விழுந்தது. மகள் தன்னோடு வரச் சொல்லவில்லை. அவளுக்கு அங்கே மாமியார் வீடு. உடம்பு சரியில்லாத ஒண்டி ஆளுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள் என்று விஷயத்தைச் சொல்லாமல் போனிலேயே இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தாள். மாடிப்படிக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. ஏறும்போது அது இடது கைக்கு வரும், இறங்கும்போது வராது. அதனால் திரும்பிக்கொண்டு இறங்குவார். குடிதண்ணீர்க் குழாய் கீழே இருந்தது. பெரிய கேனை ஒரு கையால் தூக்க முடியாது. பிளாஸ்டிக் பாட்டிலை ஒரு கையால் திறந்தால் நசுங்கித் தண்ணீர் கொட்டிவிடும், கண்ணாடி என்றால் அசையாமல் நிற்கும். இவ்வளவுதான் விஷயம்.

"இந்த வீட்டுக்கு ஒத்தைக் கையாப் பழகிட்டேன். இனி பொண்ணு ஏதோ ஹோம்ல சேர்க்கப் போறா," என்றார். "பாத்துக்கறதுக்கு ஆள் இருக்காம். மூணு வேளையும் ஊட்டி விடுவாங்களாம்." ஊட்டிவிடுவார்கள் என்பதைச் சொல்லும்போது அவர் முகம் சிறுத்துப் போனது.

ஜன்னலக்கா அழுதுவிட்டாள். "எல்லாம் என்னாலதான் அண்ணா. நான்தான் சபையில போய், நீங்க குடிக்கிறீங்கன்னு..."

"தெரியும்," என்றார் டிரைவர்.

"எப்படி?"

அவர் இடது கையால் சுவரைக் காட்டினார். "கேக்கும்."

எல்லா ஜெபமும் கேட்டிருக்கிறது. கணீரென்று, ஒரு சொல் விடாமல். குடிகாரச் சகோதரன், பாட்டிலைத் தட்டிவிடும், பாவத்திலிருந்து தூக்கும், அத்தனையும்.

"முப்பது வருஷம் வண்டில ஜனங்களை ஏத்திட்டுப் போனவன் நான். ஒரு சொட்டு தொட்டதில்லை," என்றார். "முதல்ல வயிறு எரிஞ்சுது. செருப்பைக் கழட்டிச் சுவர்ல அடிச்சேன். உங்களுக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு. போதையில பண்றீங்கன்னு நினைச்சேன்."

அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. "அப்புறம் பழகிடுச்சு. நீங்க ஆரம்பிச்சா டிவியை அணைச்சிடுவேன்."

"ஏன் அண்ணா? உங்களைத் திட்டுற மாதிரி இருந்திருக்குமே?"

டிரைவர் வெகுநேரம் வாயைக் கூட்டிக் கூட்டிச் சொன்னார்: "வேற யாரும் என்னைப் பத்திப் பேசலம்மா."

அவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமைக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷம் இருவரும் ஒரு கை தூரத்தில் இருந்திருக்கிறார்கள். இவள் ஆளில்லாமல் சுவரோடு பேசியிருக்கிறாள், அவர் ஆளில்லாமல் சுவரைக் கேட்டிருக்கிறார். எழுந்து நாலு எட்டு வைத்துக் கதவைத் தட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வட்டத்தில் அவள் முறை வந்தது. வழக்கமாக உட்கார்ந்தபடியே முணுமுணுப்பவள் எழுந்து நின்றாள். "எங்க பக்கத்து வீட்டு அண்ணா குடிகாரர் இல்ல," என்று தொடங்கினாள். குரல் கீச்சென்று வந்தது. "அவருக்கு ஸ்ட்ரோக். நாக்கு வராம கிழமை சொல்லிப் பழகுறாரு. பாட்டில்ல இருக்கிறது தண்ணி. நான் கதவைத் தட்டிக் கேட்காமலே உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஜெப விண்ணப்பம்னு சொல்லி ஒருத்தர் மானத்தை வாங்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. அவருக்கு இங்கேயே இருக்க வழி பண்ணுங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். கையைப் பிடித்து விசாரித்த அந்த அம்மாள் தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். மூப்பர் கண்ணை மூடி, "ஜெபிப்போம்" என்றார்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது மூப்பர் அவளிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. "என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"எல்லார் முன்னாடியும் கெடுத்தேன் ஐயா. அதான் எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அந்த மனுஷன் கண்ணுல தண்ணி நின்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆனா அந்தப் புள்ளைங்க அட்வான்ஸ் கொடுத்து, இருந்த இடத்தையும் காலி பண்ணிட்டாங்க. கொடுத்த வாக்கை எப்படி மாத்துவேன்? கட்டடத்துல வேற வீடும் இல்ல. அவருக்கு ஆண்டவர் வேற வாசலைத் திறப்பாரும்மா. நம்புவோம்."

போன மாசம் வரைக்கும் அவளே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைதான். அன்றைக்கு அது காதில் நாராசமாக விழுந்தது.

"அப்ப அவங்களுக்கு என் வீட்டைக் கொடுத்துடுங்க," என்றாள் ஜன்னலக்கா.

சொன்னது யார் என்று அவளே திரும்பிப் பார்க்காத குறை. மூப்பர், "நீங்க எங்கே போவீங்க?" என்றார். தெரியாது என்பதுதான் பதில். அதையே சொன்னாள். அவர் கையிலிருந்த நாற்காலியை அடுக்கின்மேல் வைத்தார். வேண்டாம்மா என்று சொல்வார், வேறு ஏதாவது வழி பண்ணுவார் என்று அவள் உள்ளுக்குள் ஒரு மூலையில் ஆசைப்பட்டாள், ஏன் மறைக்க வேண்டும்? மூப்பர் பெருமூச்சு விட்டு, "பெரிய மனசு சிஸ்டர் உங்களுக்கு" என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

மகளுக்கு மூப்பரே போன் போட்டு, அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னார். டிரைவரிடம் இவள் சொன்னபோது அவர் நன்றி சொல்லவில்லை, சண்டைக்கு வந்தார். "எனக்காக நீங்க எதுக்கு?" என்று மேஜையைத் தட்டினார். நான் கெடுத்தது, நானே சரிபண்ணுகிறேன் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவர் சுவரைப் பார்த்து, "இனிமே சாயங்காலம் சும்மா கிடக்கும்" என்றார். அவளுக்கும் அதே கவலைதான், ஆனால் சொல்லவில்லை.

நாலு இடத்தில் வீடு கேட்டாள். தனியாக இருக்கிற பெண் என்றதும் இழுத்தார்கள், வயசைப் பார்த்து இழுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. ஒரே அறையில் மூன்று பேர். மற்ற இருவரும் நர்ஸ் பெண்கள், வாய் ஓயாதவர்கள். சேதி கேட்டதும் அவர்களில் ஒருத்தி, "ஜன்னலக்கா எங்க ரூமுக்கா? கடவுளே, இனி முகத்தையும் பார்க்கலாம்!" என்று குதித்தாள். ஜன்னலக்காவின் கவலை வேறு. வாய்விட்டு ஜெபிக்க முடியுமா, அழ முடியுமா, ஒரு வேளையாவது சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்குமா? "பயமா இருக்கு ஆண்டவரே," என்று அந்த வாரம் முழுக்க ஒரே ஜெபம்தான் செய்தாள். இன்னதைச் செய்யும், அன்னதைச் செய்யும் என்று யோசனை சொல்வதை விட்டுவிட்டாள். பயம் போகவும் இல்லை. பயத்தோடேயே துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

கிளம்புகிற நாள் மத்தியானம் சின்ன வண்டி ஒன்று வந்து அவள் சாமான்களை ஏற்றியது. ஏற்ற எவ்வளவு இருந்தது? அம்மாவின் கட்டிலை அந்தப் புதுஜோடிக்கே விட்டுவிட்டாள். காலியான அறையைப் பெருக்கி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டினாள். இந்தத் தடவை அவர் சீக்கிரம் திறந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாக மாட்டியிருந்தது.

"கிளம்பிட்டேன் அண்ணா," என்றாள். "உங்களைக் கேட்காமலே இவ்வளவு நாள் ஜெபிச்சிட்டேன். இப்ப கேட்டுக்கிறேன். உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?"

டிரைவர் யோசித்தார். கை திரும்ப வேண்டும் என்பார், பேச்சு வர வேண்டும் என்பார், மகள் வர வேண்டும் என்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தாடையை இறுக்கி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"ஜெபம் அப்புறம். ஞாயித்துக்கிழமை நீங்க வாங்க. டீ போடறேன்."

அவள் வாயில் பதில் தயாராக இருந்தது. கர்த்தருக்குச் சித்தமானால் பார்க்கலாம் என்பது அவர்கள் சபையில் எல்லோரும் சொல்வது. வர உத்தேசம் இல்லாதவர்கள் இன்னும் அழகாகச் சொல்வார்கள். "கர்த்தருக்கு..." என்று அவள் தொடங்கியும் விட்டாள். அவர் அதை நம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. மீதியை விழுங்கிவிட்டு, "எத்தனை மணிக்கு வரட்டும் அண்ணா?" என்று கேட்டாள்.